மரை தேய்ந்த டார்ச்

தீவிர சிகிச்சை வார்டில் பொறுப்பு நர்ஸைப் பெரிய சிஸ்டர் என்றும், அவருக்கு அடுத்தவளைச் சின்ன சிஸ்டர் என்றும் கூப்பிடுவார்கள். சின்ன சிஸ்டருக்கு வயது நாற்பத்தாறு. இருபத்துமூன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது யாரோ வைத்த பெயர், காதோரம் நரைத்த பிறகும் மாறவில்லை. பெரிய சிஸ்டர் அவளைவிட நான்கு வயது இளையவர். புதிதாக வருகிறவர்கள் மட்டும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு வாரம் போனால் அவர்களும் சிரிக்க மறந்துவிடுவார்கள்.

அவளுடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும். விரல் நீளம்தான். கறுப்பு அலுமினியம். பொத்தான் கிடையாது. தலையை வலப்பக்கம் திருகினால் எரியும், இடப்பக்கம் திருகினால் அணையும். வார்டுக்குக் கொடுக்கிற டார்ச்சுகள் யார் யார் பையிலோ போய்ச் சேர்ந்துவிடுவதால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளாகவே கடையில் வாங்கியது. எட்டுக் கட்டில், மணிக்கு ஒரு தடவை. நோயாளியின் இமையைத் தூக்கி, வெளிச்சத்தை ஓரத்திலிருந்து மெல்லக் கொண்டுவந்து, கண்மணி சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில் குறிக்க வேண்டும்.

கொஞ்ச நாளாக டார்ச்சின் தலை ஆடியது. எரிந்துகொண்டிருக்கும்போதே வெளிச்சம் ஒரு கணம் மங்கி, மறுபடி பளிச்சென்று வரும். உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும். தட்டித் தட்டிக் கைக்கே பழகிவிட்டது. தட்டுகிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் கட்டிலில் ஒரு பையன் கிடந்தான். பையன் என்றால் இருபத்தெட்டு வயது. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மழை பெய்து ஓய்ந்த சாலையின் திருப்பத்தில் வண்டி வழுக்கி, நடைபாதையின் விளிம்பில் தலை மோதியிருந்தது. உடம்பில் வேறு எங்கும் ஒரு கீறல் இல்லை. தூங்குகிறவன் மாதிரிதான் இருந்தான். மூச்சை மெஷின் விட்டுக்கொண்டிருந்தது.

அவனுக்கு ஒரே ஓர் அக்கா. அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். சலவைக் கடையில் துணி தேய்க்கிற வேலை. இஸ்திரிப் பெட்டி பட்ட பழைய தழும்பு ஒன்று முன்கையில் பட்டையாக இருந்தது. முதல் நாள் வார்டு வாசலில் யாரென்று கேட்டதற்கு, "நான் அவனோட அக்கா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து வாட்ச்மேன், டாக்டர் எல்லாருக்கும் அவள் அக்காதான். வாட்ச்மேன் அவளுடைய அப்பா வயசுக்காரர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

சின்ன சிஸ்டர் வார்டைவிட்டு வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பாள். ஒரே வார்த்தைதான்.

"ஏதாவது?"

"இல்லம்மா."

மூன்று நாள் இதே கேள்வி, இதே பதில். "இல்லம்மா" என்று சொல்வதற்காகச் சின்ன சிஸ்டருக்கு எந்த வலியும் வந்துவிடவில்லை. ஆரம்ப வருஷங்களில் வந்தது. இப்போதெல்லாம் பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான். தொடுவது தெரியும், ஆனால் அது வேறு யாருடைய கன்னமோ. இதை ஒரு குறையாக அவள் நினைத்ததில்லை. இப்படி இல்லாவிட்டால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிச் சுற்றில் அவள் பையனின் வலது இமையைத் தூக்கி டார்ச்சைத் திருகினாள். வெளிச்சம் விழுந்தது. கண்மணி லேசாக அசைந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் உள்ளே போய், மறுபடி விரிந்த மாதிரி. இன்னொரு தடவை பார்த்தாள். இந்தத் தடவை ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை மறுபடி அசைந்த மாதிரி. தாளில் 'வலது: மிக மெதுவாக' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

வெளியே வந்தபோது அக்கா எழுந்து நின்றாள்.

"ஏதாவது?"

அந்த நேரத்தில் அவள் வழக்கம்போல "இல்லம்மா" என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் வந்து பார்த்த பிறகு அவரே சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். இருபத்துமூன்று வருஷமாக அப்படித்தான் விட்டிருக்கிறாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"வலது கண்ணு லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சும்மா. டாக்டர் வந்து பாக்கட்டும்."

இரண்டாவது வாக்கியம் அக்காவின் காதில் விழவே இல்லை. அவள் சின்ன சிஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை சூடாக இருந்தது.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்து தன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். அசைவு இல்லை. அக்காவைக் கூப்பிட்டு அதைச் சொன்னார்.

"சிஸ்டர் பாத்தாங்களே டாக்டர்."

"சில சமயம் அப்படித் தோணும்மா."

"தோணலை. பாத்தாங்க. நீங்க வந்த நேரத்துல அவன் அசந்து போயிருப்பான்."

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். மூளை செத்துவிட்டதா என்று உறுதியாகச் சொல்லும் கடைசிப் பரிசோதனையைப் புதன்கிழமை செய்வதாக இருந்தார். அதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போட்டார். "ரெண்டு நாள் பாப்போம்" என்றார்.

அந்த இரண்டு நாளும் அக்கா வேறு ஆளாக இருந்தாள். பெரிய சிஸ்டரிடம் கேட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார அனுமதி வாங்கிக்கொண்டாள். தம்பியின் தலைமுடியை ஈரத் துணியால் துடைத்துச் சீவிவிட்டாள். நகம் வெட்டினாள். அவன் பார்சல் கொண்டுபோகும் தெருக்களையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். மாடிப்படி ஏறவைக்கிற வீடுகள் எவை, நாய் வைத்திருக்கிற வீடுகள் எவை என்று அவன் அவளிடம் சொல்லியிருந்தது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "அந்த அஞ்சாவது மாடிக்காரம்மா மூணு நாளா போன் மேல போன் போடறாங்கடா. நீயே எழுந்து வந்து பதில் சொல்லிக்கோ" என்று சிரித்துக்கொண்டே அதட்டினாள். சின்ன சிஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் நாமிருவரும் ஒரு கட்சி என்பதுபோலத் தலையசைப்பாள்.

சின்ன சிஸ்டர் மணிக்கு ஒரு தடவை பார்த்தாள். சில சமயம் அசைந்த மாதிரி இருந்தது. பெரும்பாலும் இல்லை. 'இல்லை' என்றே எழுதினாள். ஆனால் வெளியே வரும்போது அக்கா இப்போது எதுவும் கேட்பதில்லை. கேட்காததால் இவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் அவளுடைய காதுத் தோட்டின் திருகாணி கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. பையிலிருந்து டார்ச்சை எடுத்துத் தரையில் படுத்தபடி தேடினாள். வெளிச்சம் மங்கி மங்கி வந்தது. படுத்த வாக்கிலேயே உள்ளங்கையில் தட்டினாள்.

அவளுடைய கணவர் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறவர். இரும்பில் திருகு மரை வெட்டுவதுதான் அவருக்கு நாள் முழுக்க வேலை. ஒரு சாமானைத் தட்டி வேலை வாங்குவதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது.

"அதை எதுக்கு அடிக்கற? இங்க குடு."

"நல்லாத்தாங்க எரியுது. அப்பப்ப இப்படிப் பண்ணும்."

அவர் தலையைக் கழற்றி, உடம்பின் மரையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் நெருடினார். விரல் நுனியில் கறுப்பாக மை ஒட்டியது.

"மரை தேஞ்சு போச்சு. இவ்வளவு நாளா உனக்குத்தான் மரை கழண்டிருக்குன்னு நெனச்சுட்டிருந்தேன். டார்ச்சுக்குமா?"

அவள் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பழக்கம்தான். அவர் பாட்டுக்குப் பேசினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ திருகுவ?"

"நூறுக்கு மேல இருக்கும்."

"மூணு வருஷமா? அலுமினியம் தாங்குமா? இதுல தூசி வேற சேர்ந்து அரைச்சிருக்கு. பாரு." தலையை மாட்டி எரிய வைத்து, சுவரில் அடித்தபடி அதை ஒரு விரலால் பக்கவாட்டில் அசைத்தார். சுவரில் இருந்த வட்டம் மங்கியது, பளிச்சென்றது, மங்கியது. "தலை நேரா உக்காந்தாத்தான் இந்த விளிம்பு உள்ள இருக்கற வளையத்துல படும். சாஞ்சா விட்டுடும். உன் கை லேசா நடுங்கினாப் போதும், வெளிச்சம் ஆடும்."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை உங்க சட்டை மேல அடிங்க."

"எதுக்கு?"

"அடிங்களேன். அந்தப் பட்டன் மேல."

அவர் குனிந்து, சட்டையின் கறுப்புப் பட்டன்மேல் ஓரத்திலிருந்து வெளிச்சத்தைக் கொண்டுவந்து தலையை அசைத்தார். அவள் தரையில் மண்டியிட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பட்டனின் நிழல் ஒடுங்கியது, விரிந்தது. பட்டனே கொஞ்சம் சின்னதாகிப் பெரிதான மாதிரி இருந்தது.

"இன்னொரு தடவ."

மறுபடியும் அதேதான்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அவர் மரையை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தார். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேய்த்தெடுத்தார். பிறகு, குழாய் மாட்டும்போது தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மரைமேல் இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினார். தலையை மாட்டித் திருகினால் எரியவில்லை. டேப்பின் ஓரம் விளிம்பை மூடியிருந்தது. பிளேடால் அந்த ஓரத்தை மட்டும் சீவியெடுத்து மறுபடி மாட்டினார். எரிந்தது. தலையை அசைத்துப் பார்த்தார். வெளிச்சம் ஆடவில்லை.

"இது ஒரு மாசம் ரெண்டு மாசம் தாங்கும். தேஞ்ச மரை தேஞ்சதுதான். புதுசு வாங்கிடு, பட்டன் வச்சதா."

"சரிங்க."

அவள் சமையலறைக்குப் போய் அரிசி கழுவினாள். அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. பயமும் வரவில்லை. நாளைக்குக் காலையில் யார் யாரிடம் எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று மட்டும் மனம் அட்டவணை போட்டது. சாப்பிடும்போது கணவர் இரண்டு தடவை ஏதோ கேட்டார். இரண்டு தடவையும் சரியான பதிலைத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் பெரிய சிஸ்டரிடம் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள். டார்ச்சை மேஜைமேல் வைத்து, நடந்ததை முன்பின் மாற்றாமல் சொன்னாள். டாக்டர் டார்ச்சைத் தொடவில்லை.

"உங்க குறிப்பை வச்சு நான் எதையும் முடிவு பண்ணல சிஸ்டர். நான் பாத்ததுதான் கணக்கு. அந்தப் பையனுக்கு இதனால எதுவும் மாறல."

"பரிசோதனை ரெண்டு நாள் தள்ளிப் போச்சே சார்."

"அது அந்த அம்மாவுக்காகத் தள்ளினேன். விடுங்க."

வெளியே வந்ததும் பெரிய சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க எதுவும் சொல்லிக்க வேண்டாம். மத்தியானம் ரிசல்ட் வந்ததும் டாக்டரே சொல்லிடுவார். அந்தக் கண்ணு விஷயத்தைக் கிளறவே வேண்டாம். அவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்."

அதில் நியாயம் இருந்தது. சின்ன சிஸ்டர் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு நேராக ஏழாம் கட்டிலுக்குப் போனாள்.

அக்கா தம்பியின் கால் பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

நர்ஸுகள் உடை மாற்றும் சின்ன அறை காலியாக இருந்தது. இரண்டு ஸ்டூல், ஒரு இரும்பு பீரோ. அக்கா எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கெழமை கண்ணு அசைஞ்சதுன்னு சொன்னேன் இல்ல, அது அசையல. என் டார்ச் பழுது. அதோட தலை ஆடி வெளிச்சம் கூடிக் குறைஞ்சிருக்கு. அதைப் பாத்துட்டு நான் கண்ணு அசையுதுன்னு நெனச்சுட்டேன். நேத்துதான் தெரிஞ்சுது."

அறைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க அது?"

சின்ன சிஸ்டர் டார்ச்சை எடுத்துக் கொடுத்தாள். அக்கா எண்ணெய் படாமல் இரண்டு விரல் நுனியால் வாங்கிக்கொண்டாள்.

"எப்படி எரிய வைக்கறது?"

"திருகணும்."

திருகினாள். எரிந்தது. அசைத்துப் பார்த்தாள்.

"ஆடலையே."

"நேத்து வீட்டுல சரி பண்ணினாங்க."

அக்கா அதைத் திருப்பிக் கொடுத்தாள். "என் கண்ணுல அடிங்க."

"எதுக்கும்மா?"

"உண்மையா அசைஞ்சா எப்படி இருக்கும்னு நீங்க பாருங்க. பாத்து எனக்குச் சொல்லுங்க."

சின்ன சிஸ்டர் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தாள். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத கண். வெள்ளையில் சிவப்பு நரம்புகள். வெளிச்சம் பட்டதும் கண்மணி சட்டென்று ஒடுங்கியது. அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. பச்சைக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

"சுருங்குதா?"

"சுருங்குதும்மா."

"அவனுக்கு இப்படி இருந்துச்சா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல."

அக்கா எழுந்து வாஷ்பேசினில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு வெளியே போனாள். சின்ன சிஸ்டர் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தில் பத்து மணி ஆனதும் எழுந்து சுற்றுக்குப் போனாள். எட்டுக் கட்டிலையும் பார்த்தாள்.

மத்தியானம் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து பரிசோதனை செய்தார்கள். நான்கு மணிக்கு முடிவு சொன்னார்கள். ஐந்தேகாலுக்கு மெஷினை நிறுத்தினார்கள். அக்கா பக்கத்தில் நின்றாள். அழவில்லை. கூட வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் வந்து அவளைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை காலையில் ஏழாம் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார். பெரிய சிஸ்டர் ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்: ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் டார்ச்சின் வெளிச்சத்தை உள்ளங்கையில் அடித்துப் பார்க்கவும், வெளிச்சம் ஆடினால் பயன்படுத்தக் கூடாது. யாருடைய பெயரும் அதில் இல்லை. ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பொத்தான் வைத்த புது டார்ச் வந்தது.

சின்ன சிஸ்டர் வேலைக்குப் போனாள், வந்தாள். யாராவது புகார் எழுதிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு நாள் பஸ்ஸில் தோன்றியது. அந்த நினைப்பும் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் போய்விட்டது.

பதினோராம் நாள் வாட்ச்மேன் வந்து, "அக்கா வந்திருக்காங்க, உங்களத்தான் கேக்கறாங்க" என்றார்.

அக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே இறப்புச் சான்றிதழ். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. சின்ன சிஸ்டர்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இந்தக் காகிதம் வாங்க வந்தேன். உங்க மேல கோவமா இருக்கேன். அதையும் சொல்லிட்டுப் போகலாம்னு."

"சரிம்மா."

"அந்த மூணு நாளும் நான் அழல. எழுந்துக்கப் போற பிள்ளை முன்னாடி அழுதா நல்லாவா இருக்கும்னு அடக்கி வச்சுட்டு, அவன்கிட்ட வேடிக்கை பேசிட்டிருந்தேன். கைல சூடு இருக்கறப்பவே கட்டிப் புடிச்சு அழுதிருக்கலாம். இப்ப அழுகை வர மாட்டேங்குது. நீங்க அதைச் சொல்லாம இருந்திருந்தா நான் அப்பவே அழுது முடிச்சிருப்பேன்."

"ஆமாம்மா."

"அப்புறம் வந்து பொய்யின்னு சொன்னீங்களே, அதுக்கும் கோவம்தான். சொல்லாமலே விட்டிருந்தா, ஒரு தடவையாவது எனக்காக அசைஞ்சான்னு நெனச்சுட்டு இருந்திருப்பேன்."

மன்னிச்சுக்கோங்க என்ற வார்த்தை சின்ன சிஸ்டரின் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அக்கா 'பரவாயில்ல' என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை ஏன் அவள் தலையில் கட்ட வேண்டும்?

"ரெண்டுமே நான்தான் பண்ணினேன்" என்றாள்.

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் தெரியவில்லை. வேறெதுவும்கூடத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்க்க, சின்ன சிஸ்டர் தினமும் கண்ணாடியில் பார்க்கிற தன் முகம் மாதிரியே இருந்தது. அவளுக்கு அப்போதுதான், பல வருஷத்துக்குப் பிறகு, வலித்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. காலைல சாப்பிடல."

"சாப்பிடணும்" என்றாள் அக்கா. பிறகு உறையைத் தூக்கிக் காட்டினாள். "இதை ஜெராக்ஸ் எடுக்கணுமாம். எங்க போகணும்?"

"எதிர்ல கடை இருக்கு. வாங்க, காட்டறேன்."

இருவரும் படி இறங்கினார்கள். சாலையைக் கடக்கும்போது வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. யார் யாரைப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் கடந்தார்கள். அந்தப் பக்கம் போனதும் விட்டுவிட்டார்கள். கடையில் நான்கு பேர் முன்னால் நின்றார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. அக்காவின் முறை வந்ததும் கடைக்காரர் தாளை வாங்கி, அதில் எழுதியிருந்ததைப் பார்க்காமலேயே கேட்டார்.

"எத்தனை காப்பி?"

அக்கா சின்ன சிஸ்டரைப் பார்த்தாள்.

"பத்து எடுத்துக்கோங்க" என்றாள் சின்ன சிஸ்டர். "எல்லா இடத்துலயும் கேப்பாங்க."